பாட்டு வரி தேடும் டெர்மினல் கருவி மக்கர் பண்ணினால் எங்கே கை வைப்பது

டெர்மினலில் பாட்டுப் பெயரை அடித்தால் வரிகள் வந்து விழும் கருவிகள் நிறைய இருக்கின்றன. சில பைத்தானில் எழுதியவை, சில கோ, ரஸ்ட், இன்னும் சில வெறும் நாற்பது வரி ஷெல் ஸ்கிரிப்ட். எதுவானாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்: நீங்கள் கொடுத்த பெயரை, அல்லது பிளேயரில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் பெயரை, ஒரு கேள்வியாக மாற்றி, இணையத்தில் வேறெங்கோ இருக்கும் ஒரு சேவைக்கு அனுப்பி, வந்த பதிலில் இருந்து வரிகளை மட்டும் உருவி எடுத்துத் திரையில் போடும். கருவியிடம் சொந்தமாக ஒரு வரி கூடக் கிடையாது. அதனால் கோளாறு வந்தால் நான்கு இடத்தில்தான் வர முடியும்: கேள்வி தப்பாகப் போயிருக்கும், போகிற வழியில் நின்றிருக்கும், பதிலைப் பிரிக்கத் தெரியாமல் போயிருக்கும், இல்லை திரையில் காட்டும்போது கெட்டிருக்கும். எந்த இடம் என்று பார்க்காமல் கருவியை நீக்கி மறுபடி நிறுவுவதில் அரை நாள் போய்விடும். என்னிடம் உதவி கேட்டு வந்தவர்களில் பலருக்குக் கோளாறு அந்த முதல் இடத்தில், அதாவது கேள்வியில்தான் இருந்தது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடும் முன் இரண்டு சோதனை. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த, பெயரில் சிக்கல் இல்லாத ஒரு பழைய ஆங்கிலப் பாட்டைத் தேடிப் பாருங்கள். அது வந்தால் கருவி, இணையம், சேவை மூன்றுமே நலம், உங்கள் பாட்டுக்கான கேள்வியில் மட்டும்தான் பார்க்க வேண்டும். இரண்டு, கருவியை வெர்போஸ் அல்லது டீபக் விருப்பத்தோடு ஓட்டுங்கள் (பெரும்பாலும் -வி, சிலவற்றில் --டீபக்). எந்த முகவரிக்கு என்ன கேள்வி போனது என்று அது காட்டும். அந்த முகவரியை அப்படியே நகலெடுத்து பிரவுசரில் ஒட்டினால் பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும்.

'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது

இப்போதுதான் நிறுவினேன், ஆனாலும் இப்படிச் சொல்கிறது என்றால் கருவி இருக்கிறது, ஷெல்லுக்கு (நீங்கள் அடிக்கும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) அது இருக்கும் இடம் தெரியவில்லை. லினக்ஸில் பிப் (பைத்தான் கருவிகளை நிறுவும் கட்டளை) மூலம் உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவியது ~/.லோக்கல்/பின் அடைவில் போய் உட்காரும். எக்கோ $பாத் என்று அடித்து அந்த அடைவு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ~/.பாஷ்ஆர்சி கோப்பில் (ஜிஷெல் என்ற வேறு ஷெல் என்றால் ~/.இசட்எஸ்எச்ஆர்சி) பாத் மாறியின் முன்னால் அதைச் சேர்த்து, டெர்மினலை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறப்பதை மறந்துவிட்டு, சேர்த்தும் வரவில்லையே என்று சுற்றுபவர்கள் அதிகம்.

இதே இடத்தில் 'பெர்மிஷன் டினைடு' வந்தால் அது வேறு விஷயம். கோப்பு கிடைத்துவிட்டது, ஓட்ட அனுமதி இல்லை, சிஎச்மாட் +எக்ஸ் போதும். வெளியேறும் எண்ணைப் பார்த்தாலும் தெரியும் (எக்கோ $?): 127 என்றால் கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தது, ஓட்ட முடியவில்லை. 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று சொல்லி, கூடவே கூரைக் குறியும் எம் எழுத்தும் தெரிந்தால் ஸ்கிரிப்ட் விண்டோஸ் வரி முடிவோடு வந்திருக்கிறது, டாஸ்2யுனிக்ஸ் கொண்டு மாற்றுங்கள்.

நிறுவவே விடாமல் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று நிற்கிறது

2023-இல் வந்த டெபியன் 12 போன்ற வெளியீடுகளில் தொடங்கி, கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் போட விடாமல் தடுக்கிறார்கள். காரணம் நியாயமானது, இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. தேடினால் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தைப் போடச் சொல்லும் யோசனைதான் முதலில் வரும். பாட்டு வரி பார்க்கும் கருவிக்காக அதைச் செய்யாதீர்கள். பிப்எக்ஸ் நிறுவி, அதன் மூலம் கருவியைப் போடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி அறை கொடுத்துவிடும், நாளை வேண்டாம் என்றால் தடயமில்லாமல் எடுத்துவிடலாம்.

என்டர் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை, > குறி மட்டும் வந்து நிற்கிறது

பாட்டுப் பெயரில் மேற்கோள் போன்ற ஒற்றைக் குறி இருந்தால் ஷெல் அதை மேற்கோளின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, முடிவு எப்போது வரும் என்று காத்திருக்கிறது. கன்ட்ரோல் சி அடித்து வெளியே வந்து, முழுப் பெயரையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். பெயரில் ஒற்றைக் குறி இல்லாமல் ஆச்சரியக்குறி மட்டும் இருந்தால் பாஷ் இரட்டை மேற்கோளுக்குள்ளும் அதைப் பழைய கட்டளையைத் திரும்ப அழைக்கும் குறியாகப் படிக்கும், அப்போது ஒற்றை மேற்கோள்தான் சரி. இரண்டு பாடகர் பெயருக்கு நடுவே & போட்டு மேற்கோள் இல்லாமல் விட்டால் இன்னும் மோசம்: முதல் பாதி பின்னணியில் ஓடப் போய்விடும், இரண்டாம் பாதி தனிக் கட்டளை என்று நினைத்து 'நாட் ஃபவுண்ட்' வரும். கேள்விக்குறி உள்ள பெயரை ஜிஷெல்லில் அடித்தால் 'நோ மேட்சஸ் ஃபவுண்ட்' என்று வருவதும் கருவி சொல்வதில்லை, ஷெல் சொல்வது. பெயர் எதுவானாலும் மேற்கோள் போட்டே அடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பத்தி முழுவதும் உங்களுக்குத் தேவைப்படாது.

பாட்டு நிச்சயம் இருக்கிறது, ஆனால் 'கிடைக்கவில்லை' என்றே வருகிறது

இதுதான் பெரிய தலைவலி, இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பையைப் பாருங்கள். வீடியோ தளத்தில் இருந்து வந்த தலைப்பு என்றால் 'அஃபிஷியல் வீடியோ', 'லிரிக்கல்', '4கே', படத்தின் பெயர், நடிகர் பெயர், நடுவில் நேர்க்கோடுகள் என்று ஒரு பாட்டுப் பெயரில் நான்கு பெயர் இருக்கும். ஸ்ட்ரீமிங் சேவையில் இருந்து வந்தால் 'ரீமாஸ்டர்டு', 'ஃப்ரம்' என்று தொடங்கும் அடைப்புக்குறி, 'ஃபீட்' போட்டு இன்னொரு பாடகர். தேடும் சேவைக்கு இதெல்லாம் பெயரின் பகுதிதான். அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் நேர்க்கோட்டுக்குப் பின்னால் இருப்பதையும் வெட்டிவிட்டுத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் உடனே கிடைக்கும். நல்ல கருவிகளில் இதற்கென்றே ஒரு விருப்பம் இருக்கும், இல்லையென்றால் செட் (எஸ்-இ-டி) என்ற உரை திருத்தும் கட்டளை கொண்டு ஒரு வரியில் செய்துகொள்ளலாம்.

அடுத்தது கலைஞர் பெயர். திரைப்பாட்டுகளில் 'ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் யாரைப் போடுவது என்பதில் ஒற்றுமையே இல்லை. ஒரு கோப்பில் பாடியவர் இருப்பார், இன்னொன்றில் இசையமைப்பாளர், மூன்றாவதில் இரண்டு பேரும் காற்புள்ளியோடு. சேவையில் பாடகர் பெயரில் இருக்கும் பாட்டை இசையமைப்பாளர் பெயரில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். கலைஞர் பெயரையே விட்டுவிட்டுப் பாட்டுப் பெயரும் ஆல்பம் பெயரும் மட்டும் கொடுத்துப் பாருங்கள், ஆல்பம் என்பது இங்கே பெரும்பாலும் படத்தின் பெயர்.

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை அடிக்கிறீர்கள் என்றால் எழுத்துக்கூட்டல் ஒரு தனி உலகம். 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் வெறும் எல். நெடிலுக்கு ஏ எழுத்து ஒன்றா இரண்டா, 'த'வுக்கு எச் உண்டா இல்லையா, கடைசியில் யூ போடுவதா விடுவதா என்று ஒரே பாட்டுக்கு ஏழெட்டு வடிவம் இருக்கும். முழுப் பெயரையும் சரியாக அடிக்க முயல்வதைவிட, சர்ச்சை இல்லாத ஒரு சொல்லை மட்டும் எடுத்து, படத்தின் பெயரைச் சேர்த்து, தேடல் முறையில் கேட்பது வேகமானது.

'தேடல் முறை' என்று சொன்னேனே, அது முக்கியம். பல சேவைகளில் இரண்டு வாசல் உண்டு. உதாரணத்துக்கு எல்ஆர்சிலிப் என்ற சேவையை எடுத்துக்கொள்ளுங்கள், சாவி (கேட்பவர் யார் என்று சேவைக்குக் காட்டும் ரகசியச் சொல்) எதுவும் கேட்காது, பல கருவிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் 'கெட்' என்ற வாசல் பாட்டுப் பெயர், கலைஞர், ஆல்பம், நீளம் எல்லாம் சேர்த்துப் பொருத்திப் பார்க்கும், நீளம் 2 நொடிக்கு மேல் விலகினால் பொருந்தாது. உங்கள் கோப்பில் முடிவில் ஐந்து நொடி மௌனம் கூடுதலாக இருந்தால் போதும், பெயர் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தும் கிடைக்காது. 'சர்ச்' என்ற வாசல் அப்படி இறுக்கிப் பிடிக்காது, நெருக்கமானவற்றைப் பட்டியலாகக் கொடுக்கும். வெர்போஸில் தெரியும் முகவரியில் எந்த வாசலைக் கருவி தட்டுகிறது என்று பாருங்கள்.

கோப்பின் டேகில், அதாவது பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த விவரத்தில், பெயர் பாதியில் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள் (எஃப்எஃப்புரோப் கட்டளை போதும்). எம்பி3 டேகுகளின் வடிவமான ஐடி3-இன் பழைய முதல் பதிப்பில் பாட்டுப் பெயருக்கு 30 பைட்டுதான் இடம். ஆங்கிலத்தில் அது 30 எழுத்து. ஆனால் யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும், ஆக அந்த இடத்தில் யாராவது தமிழைத் திணித்திருந்தால் பத்தே குறியில் பெயர் முடிந்துவிடும், அதுவும் மெய்யின் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி கணக்கு. இப்படி அறுந்த டேகுகளை மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற நிரல் கொண்டு ஒரேயடியாகச் சரிசெய்துவிடுவது நல்லது. டேகைத் திறந்து பார்க்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள், சில கோப்புகளில் வரிகள் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும் (ஐடி3-இல் யூஎஸ்எல்டி என்ற சட்டகம்). கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் தமிழ் எழுத்தில் உள்ள பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வேறுபாடு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எனக்கு இது நடந்தது. பழைய வட்டில் இருந்து நகலெடுத்த கோப்பின் பெயரை ஒட்டித் தேடினால் இல்லை என்று வந்தது, அதே பெயரைக் கையால் அடித்தால் வந்தது. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து எவ்வளவு நேரம் பார்த்தும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைசியில் பிரிண்ட்எஃப் கொண்டு ஒவ்வொரு சொல்லாக டபிள்யூசி -சி கட்டளைக்குக் கொடுத்து பைட் எண்ணினேன். பெயரில் இருந்த 'போ' என்ற எழுத்து, நான் அடித்ததில் 6 பைட், கோப்புப் பெயரில் 9 பைட். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றே போலத்தான் வரும். சில கோப்பு முறைகள் பெயரை இப்படிப் பிரித்தே சேமிக்கும். தேடும் சேவை பைட் பைட்டாக ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு சொல்.

தீர்வு எளிது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்ற செயலை என்எஃப்சி வடிவம் கேட்டு அழையுங்கள், அல்லது யூகன்வ் கட்டளைக்கு எனி-என்எஃப்சி கொடுங்கள், பிரிந்தவை சேர்ந்துவிடும். கருவி எழுதுபவர்கள் கேள்வியை அனுப்பும் முன் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் தமிழ் பேசுகிற எத்தனையோ பேருக்கு நிம்மதி.

என்எஃப்சி காப்பாற்றாத ஒன்றும் உண்டு. 'மௌனம்' என்பதில் இருக்க வேண்டியது ஔகாரக் குறி. பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, அடுத்து 'ள' எழுத்தை அடித்துவிடுகிறார்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அது 'ள' என்ற வேறு எழுத்து, கணினிக்கு அந்தச் சொல் 'மெ-ள-ன-ம்'. எந்தச் சீர்ப்படுத்தலும் இதை மாற்றாது, மாற்றவும் கூடாது. சேவையில் யாரோ தவறாக ஏற்றியிருந்தால் நீங்களும் தவறாக அடித்தால்தான் கிடைக்கும் என்பதால் இரண்டையும் முயல வேண்டியிருக்கிறது. 'ஸ்ரீ'யும் இப்படித்தான்: முதல் எழுத்தாக 'ஸ' வைத்து எழுதுவது ஒன்று, 'ஶ' வைத்து எழுதுவது ஒன்று, எழுத்துரு இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டிவிடும்.

வரிகள் வருகின்றன, ஆனால் வேறு பாட்டுக்கு

ஒரே பெயரில் நான்கைந்து பாட்டு இருப்பது சாதாரணம். கருவி தேடல் பட்டியலில் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்காமல் காட்டிவிடுகிறது. ஆல்பம் பெயர் சேருங்கள், அல்லது பட்டியலைக் காட்டி நம்மைத் தேர்ந்தெடுக்க விடும் விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்இசட்எஃப் என்ற தேர்வுக் கருவியோடு இணைத்தால் அழகாக வேலை செய்யும்.

வரிகளே இல்லாமல் வெறும் வெற்றிடம் மட்டும் வந்தால், பதிலில் 'இன்ஸ்ட்ருமென்டல்' என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது கோளாறு இல்லை, அந்தப் பதிவில் பாட்டே இல்லை, வாத்தியம் மட்டும்தான். முதல் கால்வாசி வந்து பாதியில் நின்றுவிட்டால் சேவை இலவசக் கணக்குக்கு அவ்வளவுதான் தருகிறது. வரிகளுக்கு உரிமை உண்டு, உரிமையாளருக்குப் பணம் போக வேண்டும் என்பதால் வரும் கட்டுப்பாடு அது. சுற்றி வளைத்து உடைக்க வழி தேடாமல் சேவையை மாற்றுங்கள்.

நேற்று வரை ஓடியது, இன்று எந்தப் பாட்டுக்கும் வரவில்லை

வெர்போஸில் காட்டும் முகவரியை கர்ல் என்ற, முகவரிக்குக் கேள்வி அனுப்பிப் பதிலைக் காட்டும் கட்டளையால், கர்ல் -ஐ (பெரிய எழுத்து ஐ) என்று தட்டிப் பாருங்கள். பதிலின் முதல் வரியில் உள்ள எண்ணே கதையைச் சொல்லிவிடும்.

429 வந்தால் குறுகிய நேரத்தில் அதிகம் கேட்டுவிட்டீர்கள். முழு இசைத் தொகுப்புக்கும் ஒரே நேரத்தில் வரி இறக்க ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். பதிலில் 'ரீட்ரை-ஆஃப்டர்' என்ற தலைப்பு இருந்தால் அதில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று இருக்கும், அவ்வளவு நேரம் காத்திருங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் ஒரு ஸ்லீப் போடுங்கள். இந்தச் சேவைகளில் சில, தன்னார்வலர்கள் கைக்காசு போட்டு நடத்துபவை. மெதுவாகக் கேட்பதால் நமக்கு ஒன்றும் குறையாது.

401 என்றால் சாவி. சாவியைச் சூழல் மாறியில் போட்டுவிட்டு எக்ஸ்போர்ட் போட மறந்திருப்பீர்கள், அல்லது நகலெடுக்கும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். எக்கோ கொண்டு கோப்பில் எழுதினால் முடிவில் ஒரு புதுவரிக் குறி சேரும், சில கருவிகள் அதையும் சாவியின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். பிரிண்ட்எஃப் கொண்டு எழுதுங்கள்.

403 என்றால் தளம் உங்களைத் தானியங்கி என்று அடையாளம் கண்டு கதவைச் சாத்தியிருக்கிறது. வலைப்பக்கத்தைப் பிய்த்து வரி எடுக்கும் கருவிகளுக்கு இது அடிக்கடி நேரும். அதே வகைக் கருவிகளில் இன்னொரு அறிகுறியும் உண்டு: எண் 200 வருகிறது, எல்லாம் நலம் போலத் தெரிகிறது, வரிகள் மட்டும் காலி. அப்படியென்றால் தளத்தின் பக்க அமைப்பு மாறிவிட்டது, கருவி தேடும் பெட்டி இப்போது அங்கே இல்லை. உங்கள் பக்கம் செய்ய எதுவும் இல்லை, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து மேம்படுத்துங்கள். வரிகளுக்கு முன்னாலோ பின்னாலோ 'எம்பெட்', 'கான்ட்ரிபியூட்டர்ஸ்' போன்ற சம்பந்தமில்லாத சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்தாலும் காரணம் இதுதான், பொத்தானில் எழுதியிருப்பதையும் சேர்த்து உருவியிருக்கிறது.

சில கருவிகளுக்கு உயிரே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிரிக்விக்கி என்ற தளத்தை நம்பி எழுதிய கருவிகள் ஏராளம், அந்தத் தளம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அவற்றின் நிரல் மட்டும் இன்னும் இணையத்தில் கிடக்கிறது, நிறுவவும் செய்கிறது. கடைசி மாற்றம் எந்த ஆண்டு நடந்தது என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

எண்ணே வராமல் கர்ல் பாதியில் நின்றால் அதன் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை, 7 என்றால் இணைய முடியவில்லை, 28 என்றால் நேரம் கடந்துவிட்டது, 60 என்றால் சான்றிதழ் சிக்கல். சான்றிதழ் என்று வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள், பின்தங்கிய கடிகாரம்தான் பல நேரம் காரணம். -கே போட்டுச் சரிபார்ப்பை அணைக்காதீர்கள். இன்னொன்று, கர்ல் 404 வந்தாலும் வெற்றி என்றே வெளியேறும். உங்கள் ஸ்கிரிப்டில் பிழைப் பக்கம் வரிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால் இதனால்தான், --ஃபெயில் சேர்த்துவிட்டால் 22 என்ற எண்ணோடு தோல்வி என்று சொல்லும்.

'பார்ஸ் எரர்: இன்வேலிட் நியூமெரிக் லிட்டரல்'

ஜேசான் என்ற வடிவில் வரும் பதிலைப் பிரிக்கும் ஜேக்யூ கருவி இப்படிச் சொன்னால் எண்ணில் ஏதோ தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஜேசானை எதிர்பார்த்த இடத்தில் எச்டிஎம்எல் பக்கம் வந்திருக்கிறது, முதல் < குறியிலேயே அது தடுக்கி விழுகிறது. ஜேக்யூவுக்குக் கொடுக்காமல் பதிலை அப்படியே திரையில் பாருங்கள், அங்கே பிழைச் செய்தி தெளிவாக எழுதியிருக்கும்.

'நல்' என்று வந்தால் புலத்தின் பெயர் தப்பு, பெரிய எழுத்து சின்ன எழுத்து வரை பொருந்த வேண்டும். வரிகள் எல்லாம் ஒரே நீளக் கயிறாக, நடுவில் பின்சாய்கோடும் என் எழுத்துமாக வந்தால் ஜேக்யூவுக்கு -ஆர் போடவில்லை. பாட்டுப் பெயரில் & இருக்கும்போது மட்டும் தப்பான பதில் வந்தால் முகவரியில் அந்தக் குறியோடு கேள்வி அறுந்துவிட்டது, முகவரியைக் கையால் ஒட்டாமல் கர்ல் தரும் --டேட்டா-யுஆர்எல்என்கோட் விருப்பத்தை -ஜி (பெரிய எழுத்து) சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றன

எப்படி உடைந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள், ஒவ்வொரு உடைசலுக்கும் ஒரு காரணம்.

தலைமேல் கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ, அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர் குறி, இதுவே திரும்பத் திரும்ப வந்தால் யூடிஎஃப்-8 தமிழை லத்தீன் எழுத்து முறையாகப் படித்திருக்கிறார்கள். தமிழ்க் குறிகள் எல்லாமே இ0 என்ற பைட்டில் தொடங்கி அடுத்து ஏஇ அல்லது ஏஎஃப் என்று வரும், அந்த இரண்டுதான் அப்படி முகம் காட்டுகின்றன. டெர்மினலின் அமைப்பையும் லோகேல் (கணினியின் மொழி, எழுத்து முறை அமைப்பு) கட்டளை காட்டுவதையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். விண்டோஸில் சிஎச்சிபி 65001. பின்சாய்கோடு, யூ, 0பி85 என்பது போல வந்தால் அது ஜேசானின் மாற்றெழுத்து (0பி85 என்பது 'அ'), பைத்தானில் ஜேசானாக எழுதும்போது என்ஷ்யூர் ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். லெஸ் (கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் கட்டளை) கொண்டு பார்க்கும்போது மட்டும் கோணக் குறிக்குள் இ0, ஏஇ என்று தெரிந்தால் லெஸ்சார்செட் மாறியில் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். லெஸ்ஸில் இஎஸ்சி என்ற எழுத்தும் சதுர அடைப்பும் தெரிந்தால் அது நிறக் குறி, -ஆர் (பெரிய எழுத்து) போட்டுப் பாருங்கள்.

எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளி வட்டம் தெரிகிறது என்றால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். 'கொ' என்பதில் 'க' முதலில், குறி அடுத்து என்றுதான் கணினியில் சேமிக்கப்படும், கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது திரையில் எழுத்தை உருவாக்கும் பகுதியின் வேலை. பல டெர்மினல்கள் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று கணக்குப் போடுபவை, நம் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், எம்எல்டெர்ம் போன்ற பன்மொழி டெர்மினலை முயலுங்கள். நான் சிக்கலே வேண்டாம் என்று வரிகளைக் கோப்பில் போட்டு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்துவிடுகிறேன். ஆனால் பழைய விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் > போட்டுக் கோப்பில் எழுதினால் அது யூடிஎஃப்-16 ஆகப் போகும், பிறகு வேறு பிளேயர் அதைத் திறந்தால் குப்பையாகத் தெரியும். பவர்ஷெல் 7-இல் அந்தத் தொல்லை இல்லை.

ஆங்கில எழுத்தும் விசித்திரக் குறிகளும் கலந்து, எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் பக்கமே யூனிகோடுக்கு முந்தைய காலத்தது, டிஸ்கி, டாப், பாமினி என்று ஏதோ ஒன்றில் எழுதியது. டிஸ்கி என்றால் லினக்ஸின் ஐகன்வ் கட்டளையே மாற்றிக் கொடுத்துவிடும். மற்றவற்றுக்கு எழுத்துரு மாற்றி ஒன்று வேண்டும்.

'யூனிகோட்என்கோட்எரர்' என்று பைத்தான் கத்தி நின்றால் அச்சிடும் இடம் ஆஸ்கி என்று அது நம்புகிறது. பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 கொடுங்கள், முடிந்தது.

ஓடும் பாட்டைக் கருவி கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது

லினக்ஸில் இந்த வேலை டி-பஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) வழியாக எம்பிஆர்ஐஎஸ் என்ற ஏற்பாட்டில் நடக்கிறது. கருவியை விட்டுவிட்டு பிளேயர்சிடிஎல் -எல் என்று அடியுங்கள், எந்தெந்தப் பிளேயர் கண்ணில் படுகிறது என்று பட்டியல் வரும். உங்கள் பிளேயர் அதில் இல்லையென்றால் அதற்கு ஒரு ஆட்ஆனோ அமைப்போ தேவைப்படும். பட்டியலில் இரண்டு மூன்று இருந்தால் கருவி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிரவுசரில் நிறுத்திவைத்த வீடியோ ஒன்று முன்னால் வந்து நிற்பது வழக்கம், பிளேயர் பெயரைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். அப்புறம் பிளேயர்சிடிஎல் மெட்டாடேட்டா டைட்டில் என்று கேட்டால் கருவிக்குக் கிடைக்கும் பெயர் என்னவோ அதுவே தெரியும், அதில் குப்பை இருந்தால் மேலே சொன்ன வெட்டு வேலைதான்.

நேரம் பொருந்தும் வரிகள் முந்திக்கொள்கின்றன, அல்லது பிந்துகின்றன

நேரக் குறியோடு வரிகளை வைத்திருக்கும் எல்ஆர்சி கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் [00:17.12] என்பது போல நிமிடம், நொடி, நொடியின் நூற்றில் பங்கு இருக்கும். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை ஒரே அளவு விலகல் என்றால் கோப்பின் தலையில் ஆஃப்செட் என்ற குறியைச் சேர்த்து ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி கணக்கில் கொடுங்கள். வழக்கப்படி கூட்டல் கொடுத்தால் வரி முன்னதாக வரும், ஆனால் தலைகீழாக எடுத்துக்கொள்ளும் பிளேயர்களும் உண்டு, ஆகவே 500 கொடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், அல்லது பாதியில் சட்டென்று தாவினால், அது வேறு பதிப்புக்கு எழுதிய கோப்பு. ஆஃப்செட் உதவாது, உங்கள் பாட்டின் நீளத்துக்குப் பொருந்தும் வேறு கோப்பைத் தேடுங்கள். நேரக் குறியில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருந்தால் சில பிளேயர்கள் அந்த வரியையே விட்டுவிடும், இரண்டாக்கிப் பாருங்கள்.

கையால் ஓட்டினால் வருகிறது, க்ரானில் போட்டால் வருவதில்லை

குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் க்ரானுக்கு உங்கள் ஷெல்லில் இருக்கும் எதுவும் தெரியாது. பாத் மிகச் சின்னது, லோகேல் கிடையாது, சாவி வைத்த மாறி கிடையாது, டி-பஸ் முகவரியும் கிடையாது. கருவிக்கு முழு அடைவு வழி கொடுங்கள், தேவையான மாறிகளை ஸ்கிரிப்டின் தலையிலேயே எழுதுங்கள், பிழை வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள், அப்போதுதான் எது இல்லை என்று அது சொல்வதைப் படிக்க முடியும்.

பெயரைத் திருத்தியாயிற்று, டேகைச் சரிசெய்தாயிற்று, பிரவுசரில் அதே முகவரி வரிகளைக் காட்டுகிறது, கருவி மட்டும் இன்னும் 'கிடைக்கவில்லை' என்றால் ~/.கேஷ் அடைவுக்குள் கருவியின் பெயரில் உள்ள அடைவைப் பாருங்கள். முன்பு கிடைக்கவில்லை என்ற பதிலையே அது சேமித்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டுக்கான கோப்பை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் கேளுங்கள்.